‘செல்லைக் கொல்லும்’ என்று தலைப்புப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், ஏதோ ஒரு மூலிகைச் சாறு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். போன வருடம் அதே பக்கத்தில், கிட்டத்தட்ட அதே தலைப்பில், முள்சீத்தா இலையைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அந்தச் செய்தியைக் கத்தரித்து மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, ஐந்து மாதம் கஷாயம் வைத்துக் குடித்தவர் என் அத்தை. அவருக்கு இடது மார்பில் கட்டி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் சுருக்கிப் போடுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சுருக்குங்கள்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு லேபில் 22 வருடமாக டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோமில் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேஜைக்கு அனுப்புவது என் வேலை. என்ன நோய் என்று முடிவு சொல்வது டாக்டர்தான், நான் இல்லை. ஆனால் 22 வருடம் தினமும் அந்த ஸ்லைடுகளோடு இருந்ததில், டாக்டர்கள் சொல்லிக்கொடுத்ததில், நானாகத் தேடிப் படித்ததில் எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை வில்லிவாக்கத்தில் இருக்கிறார். 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். குழந்தைகளுக்கு எப்போது எந்த ஊசி போடவேண்டும் என்று தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னவர். விவரம் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். காலையில் காபி டம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்து உங்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், டெண்டர் விளம்பரம் உட்படப் படிப்பவர். ஆடி மாதம் குளிக்கும்போது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டியிருக்கிறது. வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறுத்துவிடுவார்கள், முடி கொட்டிவிடும், பெண்ணுக்குப் பேறுகாலம் வேறு வருகிறது, அதெல்லாம் முடியட்டும் என்று ஒரு கணக்கு. அந்த நேரத்தில்தான் உங்கள் செய்தி வந்தது. இலையைத் தேடிப் பிடித்து வாங்கி, தினமும் இரண்டு வேளை.

பொங்கலுக்கு நான் போனபோது கையைத் தூக்கிக் கரும்பை எடுத்தவர் முகம் சுளித்தார். அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருந்தது, அக்குளில் நெறி கட்டியிருந்தது. நான் கத்தினேன், அது என் தப்பு. அவர் கத்தவில்லை. உள்ளே போய் அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோன அந்தத் துண்டுப் பேப்பரைப் பிரித்து என் மடியில் வைத்து, “செல்லைக் கொல்லும்னுதானே பாப்பா போட்டிருக்காங்க? நான் ஒண்ணும் தப்பாப் படிக்கலையே?” என்று கேட்டார்.

அவர் தப்பாகப் படிக்கவில்லை. நீங்கள் போட்டதும் பொய் இல்லை. முள்சீத்தா இலையில் உள்ள சில பொருள்கள், லேபில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுநோய் செல்லைச் சாகடிக்கத்தான் செய்கின்றன. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சக்தி தயாரிக்கும் இடம் ஒன்று உண்டு, அதன் வேலையை அவை நிறுத்திவிடும். ஆனால் ஐயா, எங்கள் லேபில் இருக்கும் ஃபார்மலினை ஊற்றினாலும் அந்தச் செல்கள் சாகும். கொஞ்சம் உப்பை அதிகமாகப் போட்டாலும் சாகும். தட்டில் இருக்கும் செல்லைச் சாகடிப்பது பெரிய விஷயமே இல்லை. அதே இலையின் பொருள் நல்ல செல்லின் மைட்டோகாண்ட்ரியாவையும் விடாது. கரீபியன் பக்கம் குவாதலூப் என்ற தீவில், இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களிடையே பார்க்கின்சன் மாதிரியான ஒரு நரம்பு நோய் அதிகமாக இருப்பதை 1999-லேயே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் செய்தியில் அது ஒரு வரிகூட இல்லை.

என் மனக்குறை அதோடு முடியவில்லை. ‘கொல்லும்’ என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. எதைப் போட்டால் இந்தச் செல் சாகும் என்ற கேள்வியை அந்தச் சொல் நம் மனதில் போட்டுவிடுகிறது. இந்தத் துறையில் உழைக்கிறவர்கள் ஐம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி வேறு. தானாகவே செத்திருக்க வேண்டிய இந்தச் செல் ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறது?

நம் உடம்பில் தினமும் 5,000 கோடிக்கும் மேல் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. யாரும் வந்து கொல்வதில்லை. வேலை முடிந்தாலோ, உள்ளே திருத்த முடியாத பிழை வந்தாலோ செல் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும், அதற்கான ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பிறக்கும்போதே இருக்கிறது. கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி சேர்ந்துதான் இருக்கும், விரலுக்கு விரல் நடுவே இருக்கும் செல்கள் இப்படிக் கலைந்து போனபிறகுதான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரியும். இதற்கு 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூன்று பேர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கச் சொல். மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது என்று பொருள். தமிழில் இதை ‘செல் தற்கொலை’ என்று எழுதுகிறார்கள், உங்கள் பேப்பரிலும் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே இல்லை. நோயாளி வீட்டில் படிக்கிற சொல்லா அது? உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்று தனியாக ஒரு பெயரே வைத்திருந்த மொழி நம்முடையது. ‘செல் உதிர்வு’ என்று எழுதிப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கும் புரியும். பழுத்த இலை காம்பு விட்டு விழும்போது மரத்துக்குக் காயம் ஆவதில்லை என்பது வரைக்கும் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஸ்லைடில் அதைப் பார்க்கலாம். அடிபட்டோ, ரத்த ஓட்டம் கிடைக்காமலோ செத்த செல் ஊதி வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி, சுற்றிலும் அழற்சி வந்து அந்த இடமே கசகசவென்று இருக்கும். உதிரும் செல் அப்படி இருக்காது. சுருங்கி, பக்கத்துச் செல்லிலிருந்து விலகி, அடர்ந்த ரோஸ் நிறத்தில் உருண்டு நிற்கும். நடுவே உட்கரு நாலைந்து கடுகாக உடைந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருக்கும் செல்லே அதை விழுங்கிவிடும். சத்தமில்லாமல் நடக்கும் காரியம், அதனால்தான் ஒரு ஸ்லைடில் எப்போதும் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். பர்கிட் லிம்போமா என்று ஒரு புற்றுநோய் உண்டு, அதில் மட்டும் நூற்றுக்கணக்கில் உதிர்ந்து, அவற்றை விழுங்கிய பெரிய செல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கருநீலத்தில் நட்சத்திரம் தெளித்த மாதிரி இருப்பதால் டாக்டர்களும் நட்சத்திர வானம் என்றுதான் சொல்வார்கள். இத்தனை செல் செத்தும் அந்தக் கட்டி மிக வேகமாக வளரும் கட்டிகளில் ஒன்று. எத்தனை செத்தது என்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது அந்த ஸ்லைடில்தான்.

புற்றுநோய் செல்லில் பிழை இருக்கிறது, அது உதிர்ந்திருக்க வேண்டும், ஏன் உதிரவில்லை? பல வழி இருக்கிறது. பிழையைப் பார்த்தால் எச்சரிக்கை கொடுக்கும் பி53 என்ற புரதம் கெட்டுப்போயிருக்கலாம். 1979-ல் கண்டுபிடித்த புரதம் அது, மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் கிட்டத்தட்ட பாதியில் அது பழுதாகி இருக்கிறது. அல்லது எச்சரிக்கை சரியாகவே வந்தும், உதிர்வைத் தடுக்கும் புரதம் ஒன்று அளவுக்கு மீறிப் பெருகி அதை அமுக்கிவிடலாம். அப்படிப்பட்டவற்றில் முதலில் பிடிபட்டது பி.சி.எல்-2. இதை நான் அடிக்கடி கையால் தொடுகிறேன் என்று சொல்லலாம்.

கழுத்தில் நெறி கட்டி வரும் நோயாளியின் திசுவில் பி.சி.எல்-2 இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயம் போடுவோம், அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும், இல்லாத இடம் வெளிர்நீலமாகவே இருக்கும். சாயம் சரியாக வேலை செய்ததா என்று ஒப்பிட, எப்போதோ ஒரு குழந்தைக்கு எடுத்த டான்சில் துண்டை அதே ஸ்லைடின் ஓரத்தில் வைப்போம். அந்த டான்சிலில் வட்ட வட்டமாக இருக்கும், வட்டத்தைச் சுற்றிப் பழுப்புக் கரை, உள்ளே வெளிர்நீலம். நோய்க்கிருமியை எதிர்க்கும் செல்கள் பயிற்சி எடுக்கும் இடம் அந்த உள்வட்டம். தேறாத செல் அங்கேயே உடனே உதிர்ந்தாக வேண்டும், அதனால் அங்கே பி.சி.எல்-2 இருக்காது. இப்போது அதே ஸ்லைடில் நோயாளியின் துண்டுக்குக் கண்ணை நகர்த்தினால், அங்கேயும் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் நடு வட்டம் முழுக்கக் காபிப் பொடி கொட்டிய மாதிரி பழுப்பு. உதிர வேண்டிய இடத்தில் ஒன்றும் உதிரவில்லை. ஃபாலிகுலர் லிம்போமா என்ற புற்றுநோய் அது. ஒரே கண்ணாடியில், ஒரு விரல் அகலத்துக்குள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

1988-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் இந்தப் புரதத்தின் வேலையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதுவரைக்கும் புற்றுநோய் என்றால் செல் வேகமாகப் பெருகுவது என்றே நினைத்திருந்தார்கள். இந்தப் புரதம் செல்லைப் பெருக வைக்கவில்லை, ஊட்டத்தை நிறுத்திய பிறகும் சாகாமல் பிடித்துவைத்தது, அவ்வளவுதான். பெருகுவது மட்டும் நோய் இல்லை, சாகாமல் இருப்பதும் நோய்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதை அத்தைக்குப் புரியவைக்க எனக்கு 29சி பஸ் தேவைப்பட்டது. கண்டக்டர் விசில் ஊதினால் டிரைவர் நிறுத்த வேண்டும். கீமோ மருந்துகளில் பல, செல்லுக்குள் சேதத்தை உண்டாக்கி அந்த விசிலை இன்னும் பலமாக ஊத வைப்பவை. டிரைவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு ஊதினாலும் வண்டி நிற்காது, நிற்கிற பயணிகள்தான் கீழே விழுவார்கள். பஞ்சை எடுப்பதற்கு என்று செய்த மருந்துதான் வெனிடோக்ளாக்ஸ். பி.சி.எல்-2 புரதத்தின் மேல் ஒரு பள்ளம் இருக்கிறது, உதிர்வைத் தொடங்கும் புரதங்களை அந்தப் பள்ளத்தில்தான் அது அமுக்கிப் பிடித்துவைத்திருக்கும். மருந்து போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிடிபட்டிருந்தவை விடுபட்டதும் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழும், அங்கிருந்து கசிவதை வைத்து, கத்தரிக்கோல் மாதிரியான புரதங்கள் கிளம்பி செல்லை உள்ளிருந்தே வெட்டிப் பிரிக்கும். மருந்து எதையும் வெட்டுவதில்லை. செல்லிடம் ஏற்கெனவே இருந்த கத்தரிக்கோல் அது.

இந்த இடத்துக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். 1988-ல் புரதத்தின் வேலை தெரிந்தது. வெனிடோக்ளாக்ஸுக்கு முன்பு செய்த நாவிடோக்ளாக்ஸ் என்ற மருந்தும் புற்றுநோய் செல்லை நன்றாகவே உதிர்த்தது, ஆனால் பி.சி.எல்-2-க்குப் பங்காளியான இன்னொரு புரதத்தையும் பிடித்துக்கொண்டது, ரத்தத்தட்டுகள் உயிரோடிருக்க அந்தப் பங்காளிதான் ஆதாரம். மருந்து கொடுத்தால் தட்டுகள் சரசரவென்று இறங்கின. பங்காளியை விட்டுவிட்டு இவனை மட்டும் பிடிக்கும்படி மூலக்கூறை மறுபடி செதுக்கி, சோதித்து, சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் ஒரு கடினமான வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 2016 ஏப்ரல். 28 வருடம். பி53 இருக்கும் குரோமோசோம் துண்டே தொலைந்துபோன நோயாளிகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள், ஏனென்றால் விசிலே இல்லாத பஸ்ஸிலும் இந்த வழி வேலை செய்தது.

எங்கள் தெருக்கோடியில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இந்த மருந்து சாப்பிடுகிறார். முதல் வாரம் 20 மில்லிகிராம், அடுத்த வாரம் 50, அப்புறம் 100, 200, ஐந்தாவது வாரம்தான் முழு அளவு 400. முதல் நாட்களில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது பொட்டாசியம், யூரிக் ஆசிட், பாஸ்பரஸ், கிரியேட்டினின் என்று மாற்றி மாற்றி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அவர் மகன் ரிப்போர்ட் கட்டை எங்களிடம் கொண்டுவந்து, “நோய் முத்திடுச்சோ, அதான் மறைக்கிறாங்களோ?” என்று கேட்டார். இல்லை. இத்தனை நாள் சாக மறுத்த செல்கள் ஒரே நாளில் மொத்தமாகச் சரிந்தால், அவற்றுக்குள் இருந்ததெல்லாம் ரத்தத்தில் கொட்டி, சிறுநீரகம் திணறி, இதயமே நின்றுபோகலாம். நோய் செல் சாவதாலேயே நோயாளிக்கு ஆபத்து வரும் என்பதால்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள், லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். ‘கொல்லும்’ என்ற தலைப்புக்குள் இதெல்லாம் எங்கே அடங்கும், சொல்லுங்கள்.

இதையும் பெரிதுபடுத்தி எழுதிவிடாதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ஏ.எம்.எல். என்ற வேகமான ரத்தப் புற்றுநோயில், பலமான கீமோ தாங்க முடியாத முதியவர்களுக்கு இந்த மருந்தை அசாசிட்டிடின் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த முடிவு 2020-ல் வந்தது. பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் அசாசிட்டிடின் மட்டும் கொடுத்தபோது 9.6 மாதம், இதையும் சேர்த்தபோது 14.7 மாதம். ஐந்து மாதம். அதற்காக எத்தனை பேர் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அத்தையின் ஐந்து மாதம்தான் ஞாபகம் வந்தது. செல்லும் சும்மா இருப்பதில்லை. பி.சி.எல்-2-ன் பள்ளத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டு மருந்து உட்காராமல் செய்துவிடுகிறது, அல்லது எம்.சி.எல்-1 என்ற வேறொரு பங்காளியின் தயவில் பிழைத்துக்கொள்கிறது. சரி, அதையும் தடுப்போம் என்று போனால் இதயத் தசைக்கு எம்.சி.எல்-1 தேவைப்படுகிறது, அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மார்பு, நுரையீரல், வாய் என்று நம் ஊரில் அதிகம் பார்க்கும் கட்டிகளுக்கு இந்த வகை மருந்து இன்னும் கைகொடுக்கவில்லை. என் அத்தைக்கு இது பயன்படாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

செடி கொடிக்கு நான் எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அத்தைக்கு இப்போது வாராவாரம் ஏற்றும் பாக்லிடாக்சல் ஒரு மரப்பட்டையிலிருந்து கிடைத்ததுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையை 1962-ல் உரித்து எடுத்துப் போனார்கள், மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். நம் வீட்டு வாசலில், சுடுகாட்டு ஓரத்தில் எல்லாம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் வந்தன, ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகள் இன்று பிள்ளை பெற்று வாழ்வதில் அந்தச் செடிக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்து அந்த அளவைப் பிடிக்கவே முடியாது, பிடித்தாலும் அது நரம்பைக் கெடுக்கும் விஷம், நாள் கணக்கு பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

வெள்ளைப் பாஷாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சனிக் டிரை ஆக்சைடு. ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் செல் பாதி வளர்ச்சியிலேயே சிக்கிக்கொண்டு, முதிரவும் முதிராமல் சாகவும் சாகாமல் குவிந்துகொண்டே போகும். இரண்டு ஜீன் உடைந்து ஒட்டி உண்டான ஒரு தப்பான புரதம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆர்சனிக் அந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும், செல் முதிர்ந்து, தன் காலம் முடிந்து உதிரும். சீனாவில் தொடங்கியது, ஆனால் வேறு மருந்து சேர்க்காமல் முதல் சிகிச்சையாகவே ஆர்சனிக்கை மட்டும் கொடுத்து நல்ல பலன் கண்டதை 2006-ல் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள். சென்னையிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரம். பாஷாணம் என்றால் வீட்டில் யாரும் தொட்டுவிடக் கூடாது, ரத்தக்குழாயில் ஏற்றி, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுக்கிற மருந்து. ஆனாலும் இது எவ்வளவு நல்ல செய்தி, ஒரு முழுப் பக்கத்துக்குத் தாங்கும்.

இன்னொன்று. இமாட்டினிப் மாத்திரையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயில் செல்லைச் சாகவிடாமல் ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும் புரதத்தை அது அடைத்துவிடும், அதன்பிறகு செல் உதிரும். அந்த மாத்திரைக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி விண்ணப்பித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில். 2006-ல் மறுத்துவிட்டார்கள். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சட்டப்பிரிவையே எதிர்த்துப் போட்ட வழக்கு 2007-ல் தள்ளுபடி ஆனது, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. கம்பெனி மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல், நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை பத்தாயிரத்துக்குள் என்று அப்போது செய்திகளில் கணக்கு வந்தது. அதை நீங்களும் போட்டீர்கள், வணிகப் பக்கத்தில். அந்த மாத்திரை செல்லுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு வரி மருத்துவப் பக்கத்தில் வந்திருந்தால் எவ்வளவோ பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மாதிரி ஆராய்ச்சிச் செய்தி போடும்போது முதல் பத்தியிலேயே, முடிந்தால் தலைப்பிலேயே, இது தட்டில் நடந்ததா, எலியிடம் நடந்ததா, மனிதர்களிடம் நடந்ததா என்று சொல்லிவிடுங்கள். மனிதர்களிடம் சோதனைக்கு வந்துசேரும் புற்றுநோய் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுகூடக் கடைசியில் அனுமதி பெறுவதில்லை, தட்டில் நிற்பவற்றின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல செல்லை அது என்ன செய்தது என்று ஆராய்ச்சிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் போடுங்கள், பதில் இல்லையென்றால் சோதிக்கவில்லை என்று போடுங்கள். செய்தியின் கீழே, கட்டி தென்பட்டால் இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு வரி. சென்னையில் அதற்கு இடமா இல்லை? முத்துலட்சுமி ரெட்டி அம்மாவின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ‘கொல்லும்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முள்சீத்தா செய்திக்கு ஒரு விளக்கமும் போடுங்கள், அதை வெட்டி வைத்திருக்கும் கவர் வேறு எத்தனை வீட்டில் இருக்கிறதோ.

அத்தையின் பயாப்சி எங்கள் லேபுக்குத்தான் வந்தது. பிளாக் சீவும் வேலையை அன்று கூட இருப்பவரிடம் கொடுத்துவிட்டேன், என் கை நிற்கவில்லை. சாயம் காய்ந்த பிறகு ஸ்லைடை மட்டும் பார்த்தேன். ஒரு பார்வையிலேயே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் ஏழெட்டு இருந்தன. உதிர்ந்து சுருண்ட செல் ஒன்றே ஒன்று, ஓரத்தில்.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நாலு கீமோ முடிந்தது, இப்போது வாராவாரம் ஏற்றுவதில் ஏழு ஆகியிருக்கிறது, இன்னும் ஐந்து பாக்கி. அப்புறம் ஆபரேஷன். கட்டி சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னார். விரல் நுனி மரத்துப்போய் அத்தையால் பேப்பரைப் புரட்ட முடியவில்லை, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டுகிறார். ஆனாலும் உங்கள் பேப்பரை நிறுத்தவில்லை.

போன வார மூலிகைச் செய்தி வந்த அன்று காலை ஆறரை மணிக்கு எனக்குப் போன் செய்தார். தலைப்பை வாசித்துக் காட்டிவிட்டு, “பாப்பா, இது தட்டா, எலியா, மனுஷங்களா? எனக்கு எழுத்து மங்கலாத் தெரியுது, நீ பார்த்துச் சொல்லு” என்றார். வேலைக்குப் போகும் வழியில் கடையில் ஒரு பேப்பர் வாங்கி, பஸ் ஸ்டாப்பில் நின்று நாலு பத்தியையும் இரண்டு தடவை படித்தேன். அதில் அது இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெரம்பூர், சென்னை – 11